காலையில் குகை, மாலையில் ஏரி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரே நாளில் குவா தெம்புருங் குகையையும் தைப்பிங் ஏரிப் பூங்காவையும் பார்த்துவிட்டு வீடு திரும்ப முடியுமா? அம்மாவுக்கு மூட்டுவலி. பையன்கள் இருவரும் ஓரிடத்தில் நிற்க மாட்டார்கள்.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தாராளமாக முடியும். ஆனால் தைப்பிங்தானே வழியில் முதலில் வருகிறது என்று அங்கே இறங்கிவிடாதீர்கள். நேராக ஈப்போவைத் தாண்டி, குகை இருக்கிற கோப்பெங் போய், அது திறக்கிற நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். விடுமுறை நாளில் பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள், அதற்கு முன்னால் உள்ளே போய்விட்டால் குகையின் அமைதியே வேறு.

குகைக்குள் நடைபாதை, படிக்கட்டு, விளக்கு எல்லாம் உண்டு. அம்மா முதல் மேடை வரை மெதுவாக நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும், அதற்கு மேல் ஏறுகிற படிகள் மூட்டுவலிக்காரர்களுக்கு வேண்டாம். பையன்களுக்கு, குகைக்குள் ஓடுகிற ஆற்றில் இறங்கித் தவழ்ந்து போகிற வழி இருக்கிறது, அதற்கு வழிகாட்டி கூடவே வருவார், ஆனால் முழுதாகப் போனால் அரை நாள் அதிலேயே ஓடிவிடும். அதனால் ஆற்றில் கொஞ்ச நேரம் மட்டும் நனைகிற சுற்றைக் கேட்டு வாங்குங்கள். மாற்றுத் துணியும் நல்ல பிடிப்புள்ள காலணியும் அவசியம், சிலிப்பர் போட்டுக்கொண்டு போய் வழுக்கி விழுகிறவர்கள் எப்போதும் உண்டு. கனமழை என்றால் ஆற்று வழியை மூடிவிடுவார்கள், கிளம்புவதற்கு முன் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டை ஈப்போவில் முடித்துக்கொண்டு, வெயில் தணிகிற நேரத்துக்கு தைப்பிங் வாருங்கள். 1880இல் உருவான பூங்கா அது. அதற்கு முன் ஈய லம்பமாக, அதாவது ஈயச் சுரங்கமாக இருந்த இடம், தோண்டிப் போட்ட பள்ளங்கள்தாம் இன்றைய குளங்கள். கரையோரம் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டி ஏரிக்குள் கிளை நீட்டியிருக்கும். அந்தச் சாலையில் இப்போது வண்டி போகாது, அம்மா நிம்மதியாக நடக்கலாம், கால் வலித்தால் உட்கார்ந்துகொள்ளலாம். குடை மட்டும் மறக்காதீர்கள். தீபகற்ப மலேசியாவிலேயே அதிகம் மழை பெய்கிற ஊர் தைப்பிங், பின்னால் நிற்கிற புக்கிட் லாருட் மலை மேகத்தை லேசில் விடாது.

கேள்வி: குகையில் தொங்குகிற கற்களைத் தொடாதே என்று வழிகாட்டி அதட்டினார். கல்தானே, தொட்டால் என்ன?
– வாசகர், கோலகங்சார்

பதில்: அதட்டியது சரிதான். மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது, அது சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு கீழே வருகிறது, குகைக் கூரையில் வாயு பிரிந்ததும் சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. சொட்டுச் சொட்டாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்தது அந்தக் கல். நம் விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசை அதில் ஒட்டினால் புதிய சுண்ணாம்பு சரியாகப் படியாது, கறையும் விழும். 'நான் ஒருத்தன் தொட்டால் என்ன' என்று நினைத்து எத்தனை பேர் தொட்டார்கள் என்பது, படிக்கட்டுக்குப் பக்கத்தில் கறுத்துப் போன கற்களைப் பார்த்தாலே தெரியும்.

கேள்வி: இந்தச் சுண்ணாம்புக் குன்றுகள் இடிந்து விழாதா?
– வாசகி, ஈப்போ

பதில்: விழும். 1973இல் உங்கள் ஊர் குனோங் செரோவிலேயே, கல்லுமலை முருகன் கோயில் இருக்கிற அதே குன்றிலிருந்து, பெரும்பாறை சரிந்து அடிவாரத்து வீடுகளில் இருந்த பலர் இறந்தார்கள். கரைந்து கரைந்து விரிசல் விட்ட பாறை எப்போது பிடியை விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகக் குகைக்கே போகக் கூடாது என்றில்லை, செங்குத்தான பாறைக்கு நேர் கீழே காரை நிறுத்திவிட்டுப் பாய் விரித்துச் சாப்பிட உட்காராதீர்கள், 'கல் விழும் பகுதி' என்று பலகை வைத்திருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.