ஹெலிகாப்டரில் என்ஜின் நின்றால் கல் மாதிரி விழுந்துவிடுமா? அம்மாவை அதில் கேதார்நாத் அழைத்துப் போகலாமா?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதத் தோன்றியது. நான் பைலட் இல்லை. என் சித்தப்பா விமானப்படையில் ஹெலிகாப்டர் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். 2023 மே மாதம் அவரோடுதான் கேதார்நாத் போனேன். கீழே எழுதியிருப்பதில் பாதி அவர் சொல்லித் தந்தது.

முதலில் என்ஜின். சின்ன வயதில் பனையோலைக் காற்றாடியை முள்ளில் குத்திக்கொண்டு தெருவில் ஓடியிருப்பீர்களே, அதற்கு என்ஜின் ஏது? எதிர்க்காற்றிலேயே சுற்றும். ஹெலிகாப்டரும் அப்படித்தான். என்ஜின் நின்றதும் பைலட் இடதுகைப் பக்கம் இருக்கும் லீவரைச் சட்டென்று கீழே இறக்குவார். மேலே சுழலும் பிளேடுகளின் சாய்வு குறையும். வண்டி இறங்க இறங்க, அடியிலிருந்து வரும் காற்றே அவற்றைச் சுற்ற வைக்கும். தரையை நெருங்கும்போது அந்தச் சுழற்சி வேகத்தைச் செலவழித்துப் பதமாக இறக்கிவிடலாம். ஆட்டோரொட்டேஷன் என்பார்கள், பயிற்சிக் காலத்திலேயே பழக்கிவிடுவார்கள். ஆனால் அதற்கு உயரமோ வேகமோ ஏதாவது கையிருப்பில் இருக்க வேண்டும். நூறு, இருநூறு அடியில் அசையாமல் நிற்கும்போது என்ஜின் போனால் நேரம் போதாது. இறங்கச் சமதளமும் வேண்டும். இமயமலைப் பள்ளத்தாக்கில் அதற்கு எங்கே போவது?

இயந்திரக் கோளாறில் உண்மையாகவே பயப்பட வேண்டியவை வேறு. என்ஜினை இரண்டாக வைக்கலாம். ஆனால் ரோட்டாரை, அதாவது மேலே இருக்கும் அந்தப் பிளேடுகளை, சுழற்றும் பிரதான கியர்பாக்ஸ் ஒன்றுதான் இருக்க முடியும். 2016 ஏப்ரலில் நார்வேயில் ஒரு ஹெலிகாப்டரின் கியர்பாக்ஸுக்குள் இருந்த ஒரு பல்சக்கரத்தில் விரிசல் வந்து, ரோட்டாரே கழன்று பறந்துபோனது. 13 பேர் இறந்தார்கள். 2018-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் கால்பந்து மைதானத்துக்கு வெளியே ஒரு ஹெலிகாப்டர் விழுந்ததற்குக் காரணம் வால்பக்கச் சுழலியின் ஒரு பேரிங். அது இறுகிப்போனதில் வால் பைலட்டின் பேச்சைக் கேட்கவில்லை, வண்டி தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்துவிட்டது. இப்படி நடந்தால் பைலட் செய்ய முடிவது கொஞ்சம்தான்.

சரி, எந்தக் கோளாறும் இல்லாத ஹெலிகாப்டர் ஏன் விழுகிறது? சித்தப்பாவின் பதில் ஒரே வார்த்தை: மஞ்சு. மலையை மூடும் மேகத்தைத்தான் சொல்கிறார்.

குன்னூர் விபத்து நினைவிருக்கும். 2021 டிசம்பர் 8, சூலூரிலிருந்து வெல்லிங்டனுக்குப் போன எம்ஐ-17 வி5 ரக ஹெலிகாப்டர். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தார்கள். இரண்டு என்ஜின் உள்ள, மலைப்பகுதிகளில் நன்றாகப் பழகிய வண்டி. ரயில் பாதையில் நின்றவர்கள் எடுத்த வீடியோவில், அது மேகத்துக்குள் போவதும் சில நொடியில் மறைவதும் தெரியும். விசாரணைக் குழு இயந்திரக் கோளாறு, சதி இரண்டையும் ஒதுக்கியது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து, பைலட்டுக்குத் திசைமயக்கம் ஏற்பட்டு மலையில் மோதியது என்றது. 2024-இல் வந்த நாடாளுமன்றக் குழு அறிக்கையில் அதே விபத்துக்குக் காரணம் 'மனிதத் தவறு' என்று இருந்தது. சித்தப்பாவுக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. "ரெண்டு வார்த்தையில முடிச்சுட்டாங்க" என்றார்.

திசைமயக்கம் என்றால் என்ன என்பதற்கு உறியடியை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணைக் கட்டி நாலு சுற்றுச் சுற்றிவிட்டால், பானை இந்தப் பக்கம்தான் என்று சத்தியம் செய்துவிட்டு நேர் எதிர்த் திசையில் நடப்போம். காதுக்குள் இருக்கும் திரவம்தான் நாம் திரும்புகிறோமா என்று மூளைக்குச் சொல்கிறது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் அது ஓய்ந்துவிடும். நேராகப் போவதாகவே தோன்றும். வெளியே அடிவானம் தெரிந்தால் கண் திருத்திவிடும். மேகத்துக்குள் கண்ணுக்கு வேலை இல்லை. கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் இறந்த 2020 விபத்தில், நாலாயிரம் அடிக்கு ஏறுகிறேன் என்று பைலட் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னபோது வண்டி கீழே பாய்ந்துகொண்டிருந்தது. அவர் அனுபவமுள்ள பைலட்.

கருவிகளைப் பார்த்து ஓட்ட வேண்டியதுதானே என்று நானும் கேட்டேன். தொடர்ந்து அதற்கென்றே பழகியிருக்க வேண்டும், அதற்கேற்ற வசதி வண்டியில் இருக்க வேண்டும், சுற்றி மலை இல்லாமலும் இருக்க வேண்டும் என்றார். கேதார்நாத் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை ஒரு என்ஜின், ஒரே பைலட். கண்ணால் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள்.

இப்போது எங்கள் பயணம். கேதார்நாத்துக்கு ஹெலிகாப்டர் கிளம்பும் ஃபாட்டா ஹெலிபேடில் ஆளையும் பையையும் தனித்தனியாக எடைபோட்டார்கள். கோயில் சுமார் 3,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு, அதனால் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. என் பையிலிருந்த முறுக்கு டப்பா அங்கேயே தங்கிவிட்டது. அப்புறம் ஏறப்போகிற நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். வரிசையில் இருந்த ஒருவர், மறுநாள் டேராடூனில் பிளைட் பிடிக்கணும் என்று கவுண்டரில் கத்தினார். கூடவே நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். எனக்கும் எரிச்சல்தான். சித்தப்பா மட்டும் வடக்கே பார்த்துக்கொண்டு, "டேய், அந்த முகடு தெரியுதா?" என்றார். அரை மணி முன்பு தெரிந்த முகடு இப்போது இல்லை. வெள்ளையாக ஏதோ பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு இறங்கி வந்தது. அன்று பறக்கவே இல்லை. மறுநாள் காலை ஏழரைக்கு ஏறினோம், பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

காலை நேரம் பொதுவாக நல்லது என்பார்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். 2025 ஜூன் 15 அன்று கேதார்நாத்துக்கு அருகே கௌரிகுண்ட் பக்கம் 7 பேர் இறந்த விபத்து அதிகாலையில், மோசமான வானிலையில்தான் நடந்தது.

அம்மாவைக் கூட்டிப்போங்கள். காலை ஸ்லாட் எடுங்கள், முன்னும் பின்னும் ஒரு நாள் சும்மா விட்டு வையுங்கள், ரிட்டர்ன் டிக்கெட்டை மறுநாளுக்குப் போடாதீர்கள். பறக்க முடியாது என்று சொன்னால் கவுண்டரில் சண்டை போடாமல் ஒரு டீ வாங்கிக் குடியுங்கள். ஃபாட்டாவில் மேகி நன்றாகவே இருக்கும்.