கழுத்து நரம்புகள் ஆளுக்கு ஆள் மாறுமா?

கழலை ஒப்பரேஷனுக்குத் திகதி தந்த டொக்டர், “கழுத்து நரம்பு எல்லோருக்கும் ஒரே இடத்தில் ஓடாது” என்றாராம். உண்மையா, பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். கொழும்பு மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் படித்தபோது இதை நேரிலேயே பார்த்தேன். அன்சா சேர்விகாலிஸ் என்றொரு நரம்பு வளையம், கழுத்தின் பெரிய நாடிக்கும் நாளத்துக்கும் முன்னால் தையல்நூல் பருமனில் தொங்கும். ஒரே உடலில் வலப்பக்கம் அது தாடைக்குக் கிட்ட நின்றது. இடப்பக்கம் நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. சிலருக்கு அதன் கிளை, மூளையிலிருந்து கழுத்து வழியே நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்போடு ஒட்டியே வரும். இதனால் ஆளுக்கு ஒரு குறையும் இல்லை.

உங்கள் டொக்டர் மனதில் வைத்துச் சொன்னது அநேகமாகக் குரல் நாண்களை அசைக்கும் மீள்குரல்வளை நரம்பாக இருக்கும். அதன் பாதையே ஒரு வேடிக்கை. வேகஸிலிருந்து பிரிந்து, இடப்பக்கம் நெஞ்சுக்குள் பெருநாடி வில்லையும் (இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய நாடியின் வளைவு), வலப்பக்கம் கைக்குப் போகும் நாடியையும் சுற்றிக்கொண்டு திரும்ப மேலே ஏறும். கருவில் கழுத்தருகே இருந்த இருதயம் மார்புக்குள் இறங்கும்போது நாடிகள் நரம்பையும் கூடவே இழுத்துப் போனதன் விளைவு அது. சிலருக்கு வலக்கை நாடி வழமையான இடத்தில் உருவாகாமல், பெருநாடி வில்லின் கடைசிக் கிளையாகப் புறப்பட்டு, பெரும்பாலும் உணவுக்குழாய்க்குப் பின்னால் வரும். அப்போது வலப்பக்க நரம்பை இழுக்க ஆளில்லை. அது கீழே இறங்காமல் வேகஸிலிருந்து குறுக்காகக் குரல்வளைக்குப் போய்விடும். 1823இலேயே ஸ்டெட்மன் என்ற மருத்துவர் இதை விவரித்துவிட்டார். நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் இப்படி அமையும். இடப்பக்கம் மிக மிக அரிது.

சிக்கல் என்னவென்றால், குறுக்கே வரும் அந்த நரம்பை, கழலை உண்டாகும் தைரொயிட் சுரப்பிக்குப் போகும் நாடி என்று நினைத்துக் கட்டிவிடலாம். அதனால்தான் நல்ல சத்திரசிகிச்சை நிபுணர்கள் நரம்பைக் கண்ணால் காணும்வரை குறுக்கே ஓடும் எதையும் வெட்டுவதில்லை. உங்கள் டொக்டர் முன்கூட்டியே சொன்னதை நான் நல்ல அறிகுறியாகத்தான் எடுப்பேன்.

வேறு காரணத்துக்காக நெஞ்சு சீரி ஸ்கேன் எடுத்திருந்தால் அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாடி மாறியிருந்தால் அதில் தெரியும். குரல் நாண்களை ஒப்பரேஷனுக்கு முன்பே பார்ப்பீர்களா என்றும் கேளுங்கள். பாட்டு, படிப்பித்தல் என்று குரலை நம்பிய தொழில் என்றால் அதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.