எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ரத்தக்குழாய் வெள்ளையாகத் தெரிகிறது என்று எழுதினால் என்ன அர்த்தம்?

கேள்வி: பக்கவாதம் வந்த அப்பாவின் மூளை எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'இடது சில்வியன் பிளவில் ஃப்ளேர் வாஸ்குலர் ஹைப்பர்இன்டென்சிட்டி, இடது எம்1-இல் புளூமிங்' என்று இருக்கிறது. அந்த இடமெல்லாம் பாழாகிவிட்டதா?

இல்லை. 'வாஸ்குலர் ஹைப்பர்இன்டென்சிட்டி' என்றால் ரத்தக்குழாய் வெள்ளையாகத் தெரிவது. அந்த வெள்ளைக் கோடுகள் செத்த மூளை அல்ல, மெதுவாக ஓடும் ரத்தம். இந்தப் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. வீட்டு ஆட்களை அநியாயத்துக்குப் பயமுறுத்தும் வரி இது.

ஃப்ளேர் என்பது எம்ஆர்ஐயில் எடுக்கும் ஒரு வகைப் படம். வேகமாக ஓடும் ரத்தம் அதில் கறுப்பாகத்தான் தெரியும். சிக்னல் தர வேண்டிய புரோட்டான்கள் (ரத்தத்திலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள்), அது பதிவாவதற்குள் படமெடுக்கும் ஸ்லைஸை, அதாவது மெல்லிய குறுக்குவெட்டை, விட்டே போய்விடும். ஃப்ளேரில் மூளையைச் சுற்றியுள்ள நீரையும் வேண்டுமென்றே கறுப்பாக்குகிறோம். கறுப்புக்குள் கறுப்பு என்பதால் நல்ல தமனி கண்ணில் படாது. பெரிய குழாய் அடைபட்டதும், அடைப்புக்கு அப்பாலுள்ள கிளைகளுக்கு மூளையின் மேற்பரப்பிலுள்ள பக்க இணைப்புகள் வழியாக ரத்தம் சுற்றிக்கொண்டு, பின்னோக்கி ஊர்ந்து வரும். அந்த வேகத்தில் புரோட்டான்கள் ஸ்லைஸுக்குள்ளேயே தங்கிவிட, சிக்னல் பதிவாகிறது. மூளையின் பக்கவாட்டிலுள்ள சில்வியன் பிளவுக்குள் புழு நெளிவதுபோல வெள்ளை வளைவுகள் தெரியும். வலது பக்கம் அதே இடம் கறுப்பாக இருக்கும். பிலிமைக் கையில் வைத்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால் உங்களுக்கே புரியும்.

'புளூமிங்' வேறு கதை. எம்1 என்பது நடு மூளைத் தமனியின் முதல் துண்டு. அங்கே நிற்கும் ரத்தக்கட்டியின் சிவப்பணுக்களில் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் இருக்கும். அது காந்தப்புலத்தைக் கலைப்பதால், அந்தக் கலைவைக் காட்டும் எஸ்டபிள்யூஐ என்ற வகைப் படத்தில் குழாயின் நிஜ அகலத்தைவிடப் பெரிய கறுப்புப் பொட்டு விழுகிறது. அதாவது கட்டியே கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஃபைப்ரினும் பிளேட்லெட்டும் மிகுந்த கட்டி இப்படிக் கறுக்காமலும் இருக்கலாம். அதனால் 'புளூமிங் இல்லை' என்பதை 'அடைப்பு இல்லை' என்று படிக்கக் கூடாது.

சரி, மூளை எவ்வளவு போயிற்று? அதற்கு டிஃப்யூஷன் படத்தைப் பாருங்கள்; திசுவில் நீர் எப்படி நகர்கிறது என்று காட்டும் எம்ஆர்ஐ வகை அது. அதில் வெள்ளையாக இருப்பதுதான் பெரும்பாலும் காப்பாற்ற முடியாத பகுதி. அது சிறிதாக இருந்து, ஃப்ளேரில் குழாய்கள் அதையும் தாண்டிப் பரவலாக வெளுத்திருந்தால், நடுவே உள்ள திசு அரைகுறை ரத்தத்தில் இன்னும் தாக்குப்பிடிக்கிறது என்று சந்தேகிக்கலாம். சந்தேகம்தான், கட்டியை எடுப்பதா என்ற முடிவை ஆஞ்சியோ (ரத்தக்குழாய்ப் படம்), பெர்ஃப்யூஷன் (திசுவுக்கு ரத்தம் எவ்வளவு போகிறது என்ற படம்), நோயாளியின் நிலை எல்லாம் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

இந்த வெள்ளைக் கோடு நல்லதா கெட்டதா என்று ஆய்வுக் கட்டுரைகள் இரண்டு பக்கமும் வாதாடுகின்றன. கேள்வியே சரியில்லை என்பது என் கட்சி. பெரிய குழாய் அடைபட்டது என்பதற்கும் அதுவே சாட்சி, மாற்று வழியில் கொஞ்சம் ரத்தம் வருகிறது என்பதற்கும் அதுவே சாட்சி. டிஃப்யூஷன் அளவும், குழாய் திறந்ததா என்பதும் தெரியாமல் தனியாக அதை வைத்து ஜோசியம் சொல்ல முடியாது.

ஜூனியர்கள் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. தூங்கி எழும்போதே பக்கவாதத்தோடு எழுபவருக்கு அது எப்போது தொடங்கியது என்று தெரியாது. டிஃப்யூஷனில் மாற்றம் தெரிந்து, ஃப்ளேரில் அந்தத் திசு இன்னும் வெளுக்காமல் இருந்தால் நாலரை மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர்களுக்குக் கட்டி கரைக்கும் மருந்து பலன் தருகிறது என்று 2018-இல் வெளியான வேக்-அப் ஆய்வு காட்டியது. இங்கே பார்க்க வேண்டியது திசுவை. குழாயின் வெள்ளையைப் பார்த்து 'ஃப்ளேர் பாசிட்டிவ்', அதாவது திசு ஏற்கெனவே வெளுத்துவிட்டது, என்று எழுதிவிட்டால், மருந்து கிடைக்க வேண்டியவருக்குக் கிடைக்காமல் போகும்.

பக்கவாதமே இல்லாமலும் இது தெரியலாம். மூளைக்குப் போகும் தமனிகள் மெல்லச் சுருங்கும் மோயாமோயா நோய், நாள்பட்ட கடுமையான கழுத்துத் தமனிச் சுருக்கம் ஆகியவற்றிலும் ரத்தம் மெதுவாகத்தான் ஓடும்.

அடைப்பு நீங்கிய பிறகு மறுபடி ஸ்கேன் எடுத்தால் இந்தக் கோடுகள் பெரும்பாலும் மறைந்திருக்கும். அதனால் நியூராலஜிஸ்ட்டிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: டிஃப்யூஷனில் பாதிப்பு எவ்வளவு, எம்1 இப்போது திறந்திருக்கிறதா.