18 வருடப் பழைய கார் சில நாள் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி மாற்றியும் அதே கதை. விற்றுவிடலாமா?

விற்க வேண்டாம். ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எட்டு மாதம் வண்டி ஓட்டியவன் நான்.

எங்களுடையது அப்பா 2008-இல் ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கிய பெட்ரோல் கார். தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் நிற்கிறது. பத்து நாள் ஒழுங்காக ஓடும், பதினோராவது நாள் மார்க்கெட் வாசலில் மக்கர் பண்ணும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிவிடும். பேட்டரி மாற்றினோம், 4,200 ரூபாய். அப்புறம் இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினோம், 2,800. அப்புறம் சாவி ஸ்விட்ச். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் ஒரு வாரம் நன்றாக இருக்கும், அதனால் சரியாகிவிட்டது என்றே நம்பினேன்.

போன ஏப்ரலில், கண் ஆபரேஷன் முடிந்திருந்த அம்மாவைச் செக்கப்புக்காகத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வல்லநாட்டில் டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்து சாவி போட்டால், டக். நாலு தடவை, அஞ்சு தடவை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்சீட்டில் வெயிலில் உட்கார்ந்திருந்த அம்மா, “டாக்டர் போயிருவாரோ?” என்று கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் வந்து ஹார்ன் அடிக்கச் சொன்னார். நன்றாக அடித்தது. “கரண்ட் இருக்கு தம்பி, இன்ஜினுக்கு எர்த் வரல” என்று சொல்லிவிட்டு, ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்விலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் கவ்வவிட்டார். அரைச் சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

மறுநாள் எலெக்ட்ரீஷியன் பாடிக்கும் இன்ஜினுக்கும் இடையில் போகும் எர்த் பட்டையை, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் கம்பிப் பட்டையை, கழற்றினார். வெளியே போல்ட் பளபளவென்றுதான் இருந்தது. அதன் அடியில் பச்சைப் பொடி. பின்னிய செம்புக் கம்பிகளில் பாதிக்கு மேல் அறுந்து, வளைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கின. உப்புக்காற்றின் வேலை. ஹெட்லைட்டுக்குச் சில ஆம்பியர் போதும், அதன் எர்த்தும் நேராகப் பாடியில். செல்ஃபுக்கோ சின்னக் காரிலேயே 100, 150 ஆம்பியர் வேண்டும், அத்தனையும் இன்ஜின் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அந்த வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே 150 ஆம்பியரில் 3 வோல்ட் போய்விடும். இன்ஜின் மவுன்டில் அசையும்போது மிச்சக் கம்பிகள் ஒரு நாள் ஒட்டும், ஒரு நாள் ஒட்டாது. செல்ஃபைக் கழற்றி மாட்டியதில் பட்டை அசைந்ததால்தான் ஒரு வாரம் ஓடியிருக்கிறது. புதுப் பட்டை 180 ரூபாய்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலும் (கிளாம்பில் இல்லை) மறுமுனையை இன்ஜினின் சுத்தமான இரும்பிலும் வைத்துக்கொண்டு ஒருவரைச் சாவி போடச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் கோளாறு. முக்கியமாக, வண்டி மக்கர் பண்ணும் நேரத்தில் பார்க்க வேண்டும். நன்றாக ஸ்டார்ட் ஆகும்போது அளந்தால் ஒன்றும் தெரியாது.

நான் மெக்கானிக் இல்லை. செல்ஃபின் சொலனாய்டு (அதற்குக் கரண்ட்டை இணைக்கும் காந்த ஸ்விட்ச்) தேய்ந்தாலும் இதே ஒற்றை ‘டக்’ வரும், தெரியும். படபடவென்று தொடர்ந்து அடித்தால் பேட்டரியையும் டெர்மினலையும் பார்க்க வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது பெட்ரோல் பம்ப், கிராங்க் சென்சார் பக்கம், வேறு கதை. ஆனால் 180 ரூபாய்ப் பட்டையைப் பார்க்காமல் 2,800 ரூபாய் வேலைக்குப் போக வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

விற்கச் சொல்லி உங்கள் வீட்டிலும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் மச்சான் இன்னும் விடவில்லை. இதில் 15 வருடம் முடிந்து 2023-இல் ஆர்.சி. புதுப்பிக்கப் போனால் கட்டணம் 5,000 ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன்பு வெறும் 600. வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கும் தினமும் நூறு கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கும் ஒரே தொகை. பழைய வண்டியைப் பார்த்துப் பார்த்து வைத்திருப்பவனுக்கு இது நியாயமா என்று இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

சரி, நாளைக்கே மீட்டர் வைத்துப் பாருங்கள். எத்தனை வோல்ட் காட்டியது என்று எழுதுங்கள்.