ப்ளக்கை நானே மாத்தலாமா?

கேள்வி: சார், காலையில ஸ்கூட்டர் ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது, கிக்கர் உதைச்சே கால் வலிக்குது. ஸ்பார்க் ப்ளக்கை நானே மாத்தலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: தாராளமா மாத்தலாம்மா, இன்ஜின் ஆறினப்புறம். வயரைப் புடிச்சு இழுக்காம ப்ளக் கேப்பை உருவுங்க, சுத்தி இருக்கற மண்ணை ஊதிட்டுக் கழட்டுங்க, இல்லன்னா நேரா சிலிண்டருக்குள்ள போயிடும். முனை லேசான பிரவுன் கலர்னா கோளாறு வேற எங்கயோ இருக்கு, காஞ்ச கரியா இருந்தா ஏர் ஃபில்டரையும் பாருங்க, ஆயில் பிசுபிசுன்னு இருந்தா மட்டும் மெக்கானிக்தான், புது ப்ளக் போட்டாலும் அதுவும் நனையத்தான் போகுது. மேனுவல்ல போட்டிருக்கற ப்ளக் நம்பரையே கேட்டு வாங்குங்க, ப்ளக்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்கற இடைவெளி பல வண்டிக்கு 0.8 மி.மீ. பக்கம் இருக்கும். மாட்டறப்ப முதல்ல கையாலயே திருகுங்க (ப்ளக் உக்கார்ற சிலிண்டர் ஹெட் அலுமினியம், மரை போச்சுன்னா செலவு பெருசு!), வாஷர் வச்ச புது ப்ளக்னா அப்புறம் ஸ்பேனர்ல அரை சுத்து போதும்.