கால்விரல் நகம்

வணக்கம் ஐயா,

எங்கள் அம்மம்மா வீட்டு முன்னறையில் சின்ன மாமாவின் படம் தொங்குகிறது. 2000ஆம் ஆண்டு ஆனையிறவுச் சண்டையில் இறந்தவர். விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போய் ஒரு வருசம்கூட ஆகவில்லை. படத்தின் கீழே 'வீரவேங்கை' என்று போட்டிருக்கிறது. நான் அதற்குப் பிறகு பிறந்தவள். அவரைப் பற்றி எழுத ஆசை. ஆனால் அவர் எந்தத் தாக்குதலையும் வழிநடத்தவில்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. அம்மம்மாவும் வாய் திறப்பதில்லை. 2002இல் பாதை திறந்ததும் கிளிநொச்சிப் பக்கம் கனகபுரத்தில் இருந்த துயிலும் இல்லத்துக்கு, இறந்த போராளிகளைப் புதைத்த இடத்துக்கு, ஒரு தடவை போய்வந்தாராம், அவ்வளவுதான் தெரியும். இப்படி ஒருவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

ச., உரும்பிராய்

அன்புள்ள ச.,

இறந்தவர்களுக்கு இயக்கம் கொடுத்த நிலைகளில் வீரவேங்கைதான் கடைசி. அதற்கு மேலே இரண்டாம் லெப்டினன்ட், லெப்டினன்ட், கப்டன், மேஜர் என்று ஏறிக்கொண்டே போகும். புத்தகங்கள் மேலேயிருந்து தொடங்குகின்றன. கீழே வந்துசேர முன்னரே பக்கங்கள் முடிந்துவிடுகின்றன. ஆனால் காவலரணுக்குப் பனங்குற்றி தூக்கியவர்களும், மண்மூட்டை அடுக்கியவர்களும், மலேரியாக் காய்ச்சலோடு இரவுச் சென்றிக்கு, காவலுக்கு, நின்றவர்களும் உங்கள் மாமாவைப் போன்றவர்கள்தான். அவருடைய அந்த ஒரு வருசத்தில் சண்டை சில நாட்கள்தான் இருந்திருக்கும். மற்றதெல்லாம் வேலையும் காத்திருப்பும்.

எனக்குத் தெரிந்த ஒருவனைச் சொல்கிறேன். ரியூட்டரியில் என் பக்கத்தில் இருந்தவன். 1991 ஆனையிறவுச் சண்டையில் போய்விட்டான். அப்போது யாழ்ப்பாணம் இயக்கத்தின் கையில். ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கை ஒழுங்கையாக அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு போனது. வாழைமரம் கட்டினார்கள், சிவப்பு மஞ்சள் கொடி கட்டினார்கள். பெட்டி மூடியபடியே வந்தது. அவன் தாய் அழவில்லை. "கால் பெருவிரலை மட்டும் காட்டுங்கோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பந்தடிக்கும்போது நகம் பிய்ந்து, பிறகு கோணலாக முளைத்த விரல். அதைக் கண்டால் தன் பிள்ளைதானா என்று தெரிந்துவிடும். யாரும் திறக்கவில்லை. பெட்டி கோப்பாய்த் துயிலும் இல்லத்துக்குப் போனது. நானும் பின்னால் நடந்தேன். அந்த அம்மாவுக்காக ஒரு வார்த்தை பேசாமல் நடந்தேன், அது இன்றைக்கும் வலிக்கிறது.

உடல் கிடைத்தவருக்குக் கல்லறை, கிடைக்காதவருக்கு நினைவுக்கல் என்று கோப்பாயில் இரண்டு வகை இருந்தன. 1995 இறுதியில் இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபிறகு அவை உடைக்கப்பட்டன. சமாதான காலத்தில் திரும்பக் கட்டினார்கள். போர் முடிந்தபின் மறுபடியும் இடித்தார்கள். 2011இல் அந்த நிலத்தில் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் வந்தது. அந்தத் தாய்க்கு விரலும் இல்லை, கல்லும் இல்லை.

போராளிகளுக்கு எண் பொறித்த தகடு கொடுத்திருந்தார்கள். 2023இல் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது ஒரு மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. 52 பேரின் எச்சங்களை எடுத்தார்கள். அங்கே அப்படியான தகடுகளும் கிடைத்தன. எண்ணைப் பார்த்து எந்தத் தாய் தன் பிள்ளையைக் கண்டுபிடிப்பாள்?

மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். விசாகா தர்மதாச என்ற சிங்களத் தாயின் மகன் இராணுவத்தில் இருந்து, 1998 கிளிநொச்சிச் சண்டையில் காணாமற்போனவர். மகனைத் தேடி அவர் புலிகளிடமே போய்க் கேட்டார். படையினர் எல்லோருக்கும் அடையாளத் தகடு வேண்டும் என்றும் பாடுபட்டார். எங்கள் சந்திகளில் நின்ற ஆமிக்காரர்களைக் கண்டு நான் பயந்திருக்கிறேன், வெறுத்தும் இருக்கிறேன். ஆனாலும் அந்தப் பெண் கேட்டதும் ஒரு கால்விரலைத்தான் என்று எனக்குப் படுகிறது.

சரி, உங்கள் அம்மம்மாவுக்கு வருவோம். 2000இல் உரும்பிராய் இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்தது. வன்னியிலிருந்து சாவுச் செய்தி வந்தால் பந்தல் போட முடியாது, ஊரைக் கூட்டிச் செத்தவீடு நடத்த முடியாது. மகன் இயக்கத்தில் இருந்தது வெளியே தெரிந்தால் மிச்சப் பிள்ளைகளுக்கு ஆபத்து. இயக்கத்தின் வானொலியான புலிகளின் குரலையே சத்தத்தைக் குறைத்து, றேடியோவைக் காதோடு வைத்துத்தான் கேட்டோம். வாய் திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வாயைப் பொத்திக்கொண்டு அழப் பழகிய காலம் அது, பிள்ளை.

ஆகவே மாமா எப்படி இறந்தார் என்று அவரிடம் கேட்காதீர்கள். எந்தக் கறிக்கு முகம் சுளிப்பார், யாருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவார், உடம்பில் எங்கே தழும்பு என்று கேளுங்கள். 'தியாகி', 'மாவீரன்' என்ற சொற்களை முதல் தடவை எழுதும்போது தள்ளி வையுங்கள். அவை வந்தால் பெடியன் பின்னால் போய்விடுவான்.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபோது முகமாலைப் பக்கம் இரண்டு தரப்பும் பைகளைத் திறந்து பார்த்துத்தான் விட்டார்கள். கனகபுரத்துக்குப் போன அன்று அம்மம்மாவின் பைக்குள் என்ன இருந்தது என்று முதலில் கேளுங்கள்.