‘பிள்ளை பிடிக்கிறவன்’ என்று பதிவு: கம்பெனி மேல் வழக்குப் போட முடியுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். பிக்கப் வண்டியில் பச்சைத் தேயிலை மூட்டைகளை ஃபேக்டரிக்கு ஏற்றிப் போவது என் தொழில். போன மாதம் நல்ல மழையில், பஸ்ஸை விட்டுவிட்டு ரோட்டில் நின்ற எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளையை வண்டியில் ஏற்றி வீட்டில் விட்டேன். பிள்ளையின் அம்மாவுக்கும் இது தெரியும். யாரோ அதை போட்டோ எடுத்து, ‘பிள்ளை பிடிக்கிற கும்பல், வண்டி நம்பரைப் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ட இடத்தில் மடக்குங்கள்’ என்று ஒரு சமூக வலைதளத்தில், எங்கள் பகுதி குரூப்பில் போட்டுவிட்டார்கள். போட்டவர் கணக்கில் பூ படம்தான் இருக்கிறது. குரூப் அட்மின் கீழே ‘அனைவரும் ஷேர் செய்யவும்’ என்று எழுதியிருக்கிறார். வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. கட்டபெட்டு தாண்டி நாலு பேர் வண்டியை மறித்தார்கள், தெரிந்தவர் ஒருவர் வந்ததால் தப்பித்தேன். ரிப்போர்ட் பட்டனை அழுத்தினால் ‘விதிமீறல் இல்லை’ என்று பதில் வருகிறது. ஸ்டேஷனில் ‘இது அவதூறு, கோர்ட்டுக்குப் போங்க’ என்கிறார்கள். கம்பெனி மேல் வழக்குப் போடலாமா? பதிவுக்குக் கீழே நானே பதில் எழுதலாமா?

பதில்: கம்பெனி மேல் வழக்கு என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அதற்கு வருகிறேன். வண்டியை ஒருமுறை மறித்துவிட்டார்கள். 2018 மே மாதம் போளூர் பக்கம் நடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் கூடி அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் அந்தப் புரளி ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் உங்கள் விஷயத்தை வெறும் மானப் பிரச்சினையாக யாராவது பேசினால், நீங்களும் தலையாட்டிவிடாதீர்கள்.

ஸ்டேஷனில் சொன்னது பாதி சரி. அவதூறு என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. அதில் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, நீங்கள்தான் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். ஆனால் அதே சட்டத்தின் 353-வது பிரிவு, பொதுமக்களிடம் பீதியைக் கிளப்பி அமைதியைக் கெடுக்கத் தூண்டும் பொய்த் தகவலையும் வதந்தியையும் பரப்புவதைக் குற்றம் என்கிறது. மின்னணு வழியில் பரப்பினாலும் அதே குற்றம்தான். மூன்று வருடம் வரை சிறை உண்டு. இதை வெறும் அவதூறு என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. ‘கண்ட இடத்தில் மடக்குங்கள்’ என்ற அந்த ஒரு வரிதான் உங்கள் புகாரின் உயிர். மனுவில் ‘என் பெயர் கெட்டுவிட்டது’ என்று தொடங்கினால் அவர்கள் திரும்ப 356-க்கே போவார்கள். ‘என்னை மறித்துத் தாக்கத் தூண்டுகிறார்கள், இன்ன தேதியில் இன்ன இடத்தில் மறித்தும் விட்டார்கள்’ என்று தொடங்குங்கள். மறித்தபோது வந்து காப்பாற்றினாரே, அவர் பெயரைச் சாட்சியாக எழுதுங்கள்.

மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வருவதெல்லாம் கணக்கில் வராது. அங்கே நகரவில்லை என்றால், உதகையில் எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். கும்பல் வன்முறை பற்றி உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில், தெஹ்சீன் பூனாவாலா வழக்கில், மாவட்டத்துக்கு ஒரு பொறுப்பு அதிகாரி, எஸ்.பி. பதவிக்குக் குறையாதவர், இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பை மனுவில் ஒரு வரி குறிப்பிடுங்கள், பலன் இருக்கும். மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள். எதுவும் நடக்கவில்லையா, அப்புறம் மாஜிஸ்திரேட்டிடம் போய், வழக்குப் பதிவு செய்ய உத்தரவிடும்படி கேட்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை, இன்றைக்கே செய்ய வேண்டியது: பதிவை அழிக்கச் சொல்லும் முன் அதைப் பிடித்து வையுங்கள். என்னிடம் வருகிற பலர் செய்வது தலைகீழ். முதலில் சத்தம் போட்டு அழிக்க வைத்துவிடுகிறார்கள், பிறகு ‘சார், இப்ப எதுவும் இல்லையே’ என்று வந்து நிற்கிறார்கள். வெறும் ஸ்க்ரீன்ஷாட் போதாது. பதிவின் முழு லிங்க், போட்டவர் கணக்கின் லிங்க், தேதி, நேரம், அட்மின் எழுதிய வரி, எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற எண், எல்லாம் தெரிய வேண்டும். பூ படக்காரர் நாளைக்குப் பெயரை மாற்றுவார், மலர் தோட்டமே வைப்பார், ஆனால் கணக்கின் லிங்க் கையில் இருந்தால் ஆளைப் பிடிக்க வழி இருக்கும். குரூப்பைத் திறப்பதிலிருந்து பதிவைத் தொடுவது வரை ஸ்க்ரீன் ரெக்கார்டிங்காகவும் எடுத்துவிடுங்கள். எடுத்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். சாட்சியங்களுக்கான இப்போதைய சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் 63-வது பிரிவின்படி இவற்றுக்கு ஒரு சான்றிதழ் தாக்கல் செய்ய வேண்டும், அதில் ஒரு பகுதி நிபுணர் கையெழுத்திடுவது. அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

சரி, இப்போது கம்பெனி.

ராத்திரி யாரோ உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு அசிங்கமான நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனால் அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. காலையில் ஒருவர் வந்து காட்டிக் கேட்ட பிறகும் விட்டுவைத்தால்தான் பேச்சு மாறும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79-வது பிரிவு வலைதளங்களுக்குக் கொடுக்கும் பாதுகாப்பு ஏறக்குறைய இப்படித்தான். பத்திரிகை ஆசிரியர்போல ஒவ்வொரு வரிக்கும் அவர்கள் பொறுப்பல்ல, விஷயம் தெரிந்தும் சும்மா இருந்தால்தான் சிக்கல். ஆனால் ‘தெரிந்தது’ என்பதற்கு 2015 மார்ச்சில், ஸ்ரேயா சிங்கால் வழக்கில், உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பு போட்டது: நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் தெரிந்ததாகக் கணக்கு. லட்சக்கணக்கான புகார்களில் எது நியாயம், எது பழிவாங்கல் என்று ஒரு தனியார் கம்பெனி நீதிபதியாக உட்கார முடியாது என்பது நீதிமன்றத்தின் பார்வை. அது நியாயமானது என்றுதான் நானும் நினைக்கிறேன். நாளைக்கு உங்கள் ஊர் ரோடு மோசம் என்று நீங்கள் ஒரு பதிவு போட்டால், கான்ட்ராக்டர் ஒரு மெயில் தட்டி அதைத் தூக்க வைத்துவிடக் கூடாது, பாருங்கள்.

அப்படியென்றால் புகார் கொடுத்துப் பயனில்லையா? உண்டு. இங்கேதான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். நீங்கள் அழுத்திய ரிப்போர்ட் பட்டன், கம்பெனி தன் சொந்த விதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு. தமிழில், அதுவும் ‘மடக்குங்கள்’ என்ற சொல்லில் என்ன மிரட்டல் இருக்கிறது என்று அந்த ஏற்பாட்டுக்குப் புரியும் என்று நம்ப வேண்டாம். சட்டப்படியான கதவு வேறு. பிறர் போடும் பதிவுகளைத் தாங்கும் தளங்களுக்கான 2021-ன் இடைநிலையாளர் விதிகள்படி ஒவ்வொரு வலைதளமும் ஒரு குறைதீர் அலுவலரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள பெரிய தளங்கள் என்றால் அந்த அலுவலர் இந்தியாவில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும். அவருக்கு எழுதினால் 24 மணி நேரத்தில் ஒப்புகை வர வேண்டும். முடிவு சொல்வதற்குப் பொதுவாக 15 நாள் என்றுதான் முதலில் இருந்தது. 2022 திருத்தத்தில், சில வகைப் பதிவுகளை நீக்கக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று வந்தது. 2026 பிப்ரவரித் திருத்தம் கெடுக்களை இன்னும் சுருக்கியிருக்கிறது. எனவே 72 மணி தாண்டிப் பதில் இல்லை என்றால், கெடு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ‘என்னை அவதூறு செய்துவிட்டார்கள்’ என்று எழுதாதீர்கள். அதே 2022 திருத்தத்தில், தடை செய்யப்பட்ட வகைகளின் பட்டியலிலிருந்து அவதூறு என்பதையே எடுத்துவிட்டார்கள். பட்டியலில் இன்றும் இருப்பவை: பிறர் அந்தரங்கத்தில் தலையிடுவது, குழந்தைக்குத் தீங்கானது, பொய் என்று தெரிந்தே பரப்பும் தகவல். உங்கள் வழக்கில் மூன்றுமே இருக்கிறது. வண்டி நம்பர் வெளியாகியிருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம் தெரிகிறது, கடத்தல் என்பது பச்சைப் பொய். முடிந்தால் பிள்ளையின் அம்மாவும் தனியாக ஒரு புகார் அனுப்பட்டும்: ‘என் அனுமதியில்லாமல் என் பிள்ளை படம், இவர் எங்களுக்குத் தெரிந்தவர், நான் அறிந்தே வந்தாள்.’ உங்கள் பத்துப் பக்கத்தைவிட அவருடைய அந்த நாலு வரிக்கு மதிப்பு அதிகம். லிங்க்குகளை ஒன்றுவிடாமல் சேர்த்து, சி.எஸ்.ஆர். நகலையும் இணையுங்கள்.

அலுவலர் மறுத்துவிட்டால், அந்தப் பதில் கிடைத்த 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023-லிருந்து இயங்குகிறது, எல்லாம் ஆன்லைன், கட்டணம் இல்லை, டெல்லிக்குப் போக வேண்டாம். அரசாங்கம் நியமிக்கும் குழு, அரசை விமர்சிக்கும் பதிவுகளை எப்படிப் பார்க்கும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. உங்கள் மாதிரி விஷயத்துக்கு அது பயன்படும், பயன்படுத்துங்கள்.

பதிவு நீக்கப்பட்டாலும், விசாரணைக்காக அதை 180 நாள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. விசாரணை அமைப்பு முறைப்படி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் விவரம் தர வேண்டும். பூ படத்துக்குப் பின்னால் யார் என்பது அப்படித்தான் தெரியவரும். போலீஸிடம் உங்கள் மனு நகர வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இந்த 180 நாளும் ஒரு காரணம்.

அட்மின் விஷயம். வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டதற்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. உங்கள் அட்மினுக்கு அந்தத் தீர்ப்பு குடை பிடிக்காது. ‘அனைவரும் ஷேர் செய்யவும்’ என்று எழுதியது அவர் கை. பகிர்ந்தவர்களும் ‘நான் எழுதவில்லை, ஃபார்வர்டுதான்’ என்று ஒதுங்க முடியாது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய பதிவு ஒன்றை 2018-ல் பகிர்ந்த ஒரு நடிகர், படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார். சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் வழக்கை ரத்து செய்ய மறுத்தது, உச்ச நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. அதற்காகப் பகிர்ந்த நூறு பேர் மேலும் வழக்குப் போடக் கிளம்பாதீர்கள். போட்டவர், அட்மின், மிரட்டலாகக் கமென்ட் எழுதியவர்கள், இவர்கள் போதும்.

இனி, கம்பெனி மேல் சிவில் வழக்கு. போடலாம். நீலகிரியிலேயே போடலாம், ஏனென்றால் உங்களுக்குக் கெடுதல் நடந்த இடம் இதுதான். போட்டவர் யாரென்று தெரியாவிட்டாலும் ‘அசோக் குமார்’ என்று ஒரு கற்பனைப் பெயரில் வழக்குத் தொடரும் வழக்கம் நம் நீதிமன்றங்களில் உண்டு. கம்பெனியையும் பிரதிவாதியாகச் சேர்த்து, பதிவை நீக்க இடைக்கால உத்தரவு கேளுங்கள். அந்த உத்தரவு போனால் ஸ்ரேயா சிங்கால் கேட்ட ‘தெரிந்தது’ நிறைவேறிவிடும், அதற்கு மேலும் வைத்திருந்தால் 79-ன் பாதுகாப்பு போய்விடும். கம்பெனியிடமிருந்து நஷ்ட ஈடு வரும் என்று மட்டும் கணக்குப் போட்டுவிடாதீர்கள், இன்றைய சட்டத்தில் அது தூரம். அவதூறுக்கு நஷ்ட ஈடு கேட்கும் வழக்குக்கு ஒரு வருடம்தான் காலக்கெடு. வக்கீல் செலவுக்குக் கையில் இல்லையென்றால் உதகையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம். வருமான வரம்புக்குள் வந்தால் இலவசம்.

வாட்ஸ்அப்பில் சுற்றுவதை முழுசாக நிறுத்த முடியாது. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து சாட்டுகளுக்கு (ஆளோ குரூப்போ) மேல் ஒரே தடவையில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி அவர்களே ஒரு கட்டு போட்டார்கள், அதனால் வேகம் குறையுமே தவிர நிற்காது. எந்தக் குரூப்பில், எந்த நம்பரிலிருந்து வந்தது என்பதை மட்டும் குறித்து வைத்து மனுவில் சேருங்கள்.

பதிவுக்குக் கீழே நீங்களே பதில் எழுதலாமா என்றால், ஒரே ஒரு தடவை எழுதலாம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து முடித்த பிறகு, ‘இந்தத் தகவல் பொய், பிள்ளையின் பெற்றோர் அறிந்தே ஏற்றி வந்தேன், காவல் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன்’ என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம். ஊரில் உங்களுக்கு யார்மேல் சந்தேகம் இருக்கிறதோ, அவர் போட்டோவையும் கோபத்தில் அங்கே ஏற்றிவிடாதீர்கள். ஏற்றினால், எனக்கு அடுத்த கடிதம் அவரிடமிருந்துதான் வரும்.